மங்கு, தேமல், கழுத்துக் கருப்பு: கிருஷ்ணகிரி தோல் கிளினிக் ஒன்றைப் பற்றி

காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் தெரிந்தவர்கள் யாராவது "முகத்தில் மங்கு விழுந்திருக்கு, நல்ல கிரீம் பேரு சொல்லு" என்று கேட்டால் நான் எந்தக் கிரீம் பேரையும் சொல்வதில்லை. அது மங்குதானா என்று முதலில் ஒரு தோல் டாக்டரிடம் காட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன். இப்படிச் சொல்லக் காரணம் கிருஷ்ணகிரியில் நாங்கள் போகும் கிளினிக். நான், என் மாமியார், நாத்தனார் மகன், சித்தி பொண்ணு என்று வீட்டில் ஒவ்வொருவராக அங்கே காட்டியிருக்கிறோம். போகும்போது எல்லோரும் சொன்னது ஒன்றுதான், தோலில் நிறம் மாறியிருக்கிறது. திரும்பி வரும்போது ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பெயர், வேறு வேறு காரணம், ஒருவருக்கு மருந்தே வேண்டாம், இன்னொருவருக்குத் தோலில் போட எதுவும் இல்லாமல் ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

கிளினிக்கின் பெயரை இங்கே போடவில்லை. ஏற்கெனவே கூட்டம் தாங்கவில்லை, வெளியே போட வேண்டாம் என்று டாக்டரம்மாவே கேட்டுக்கொண்டார். பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரம், முதல் மாடி, அவ்வளவு போதும். எந்தத் தோல் டாக்டரிடம் போனாலும் இவர் செய்வதையெல்லாம் அவரும் செய்கிறாரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம், அதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் பார்க்கும் விதம். உள்ளே போனதும் பவுடர், கிரீம், மஞ்சள் எது இருந்தாலும் கழுவிவிட்டு வரச் சொல்கிறார்கள். அறை மூலையிலேயே வாஷ்பேசின் இருக்கிறது. முகம் காய்ந்ததும் ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்து, வெளிச்சத்தில் கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் லைட்டோடு இருக்கும் ஒரு சின்ன லென்ஸைத் தோலில் ஒட்ட வைத்துப் பார்த்தார். அதன்பிறகு திரையை இழுத்து இருட்டாக்கி, ஊதா வெளிச்சம் வரும் ஒரு விளக்கைக் காட்டினார். அதற்கு வுட்ஸ் லேம்ப் என்று பெயர். நிறமி தோலின் மேல் அடுக்கில் இருந்தால் அந்த வெளிச்சத்தில் கருப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும், அடியில் இறங்கியிருந்தால் அப்படித் தெரியாது. மேலே இருப்பது மருந்துக்குச் சீக்கிரம் கேட்கும், அடியில் இருப்பது பிடிவாதம் பிடிக்கும். எனக்கு இரண்டும் கலந்திருந்தது. கண்ணாடியைக் கையில் கொடுத்து, "இந்த இடம் குறையும்மா, இந்த இடம் லேட்டாகும், முழுசா போயிடும்னு நான் வாக்கு கொடுக்க மாட்டேன்" என்று விரல் வைத்துக் காட்டியே சொன்னார். முதல் நாளே இப்படி உள்ளதைச் சொல்கிற டாக்டர் எனக்கு இவர்தான்.

எனக்கு இருந்தது மங்கு, டாக்டர்கள் பாஷையில் மெலாஸ்மா. இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி, மேலுதட்டிலும் நெற்றியிலும் கொஞ்சம், ஓரம் ஒழுங்கில்லாத பழுப்புத் திட்டு. வெயிலால் வருவது என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள், அது பாதி உண்மை. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினை மெலனோசைட் என்ற செல்கள் தயாரிக்கின்றன. மங்கு வரும் வாகு உள்ளவர்களுக்கு அந்தச் செல்கள் சின்னத் தூண்டுதலுக்கே அதிகமாக வேலை செய்யும். கர்ப்பத்தில் ஏறும் ஹார்மோன், கருத்தடை மாத்திரை, வெயில், அம்மா வழியிலோ அப்பா வழியிலோ வருகிற வாகு எல்லாம் சேர்ந்துதான் மங்கு. வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டுமில்லாமல் கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும், அடுப்படி வெக்கை போன்ற சூடும்கூட அதைக் கிளறிவிடும். நான் தினமும் ஸ்கூட்டியில் பர்கூர் ஜவுளிக்கடைக்குக் கணக்கு எழுதப் போகிறவள், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டுதான் ஓட்டுகிறேன். அது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது என்றார்.

எழுதிக் கொடுத்ததில் முதல் மருந்தே சன்ஸ்கிரீன்தான். அதிலும் வெள்ளையாக இருப்பது வேண்டாம், தோல் நிறத்தில் சாயம் சேர்த்தது வேண்டும் என்றார். அந்தச் சாயம் அயர்ன் ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுப்பது அதுதான், சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது. வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எஸ்பிஎஃப் எண் 30-க்குக் கீழே வேண்டாம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு வேளை அளவு. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி போட வேண்டும். பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்துவிட்டு "சன்ஸ்கிரீன் வேலை செய்யலை" என்று சொல்பவர்கள்தான் அதிகம் என்று அவர் சொன்னது நம் ஊரில் அப்படியே உண்மை. ராத்திரிக்கு அசிலாயிக் ஆசிட் கிரீம். அதன் பிறகு குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும் மூன்று மருந்து சேர்ந்த ஒரு கிரீம், அதுவும் இடையிடையே வந்து காட்டினால்தான் தொடர்வேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். கர்ப்பமாக இருக்கிறீர்களா, குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்களா என்று அதற்கு முன்னால் கேட்டுக்கொண்டார். மங்குக்கு டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையும் உண்டு, ஆனால் வீட்டில் யாருக்காவது காலில் ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்திருக்கிறதா என்று விசாரிக்காமல் யாரும் அதை எடுக்கக் கூடாது என்றார். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று மாத்திரை வாங்கிப் போடுகிறவர்கள் இந்த இடத்தைத் தயவுசெய்து இன்னொரு தடவை படியுங்கள்.

எனக்கு நிறம் நன்றாகக் குறைந்திருக்கிறது. மேலுதட்டில் இருந்தது ஏறக்குறைய போய்விட்டது, கன்ன எலும்பு மேல் இருப்பது இன்னும் நிற்கிறது, சித்திரை வெயிலில் கொஞ்சம் தலைதூக்கியது. அது அப்படித்தான் வரும் போகும் என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

அந்த மூன்று மருந்துக் கிரீம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் பக்கம் நடக்கும் பெரிய அநியாயம் அதில்தான் இருக்கிறது. ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றையும் சேர்ப்பது பழைய முறை, 1975-ல் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் தன் சக மருத்துவரோடு சேர்ந்து வெளியிட்ட கலவையிலிருந்து வந்தது. டாக்டர் கண் பார்வையில் சில வாரம் போட்டால் நல்ல மருந்து. அதையே மெடிக்கல் ஷாப்பில் "முகம் வெளுக்கிற கிரீம்" என்று கேட்டு வாங்கி வருடக் கணக்கில் போட்டால் முகமே நாசம். எங்கள் ஊர்க் கடை ஒன்றில் ஸ்டீராய்டு மட்டுமே இருக்கும் கிரீமையும் அதே பேர் சொல்லித்தான் கொடுக்கிறார்கள், சீட்டு கேட்பதே இல்லை. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு தோல் மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் கொண்டுவந்தது. அட்டைப் பெட்டியின் மேல் அந்த எச்சரிக்கை அச்சடித்தே இருக்கிறது, ஆனால் கடைக்காரர் அந்தப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு ட்யூபை மட்டும் கையில் கொடுக்கும்போது அதை யார் படிப்பது?

எங்கள் பெரியப்பா மருமகள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் சில நாள் முகம் பளபளவென்று இருக்கும், எல்லோரும் கேட்பார்கள், அதில்தான் மனசு விழுந்துவிடும். அப்புறம் அதை ஒரு நாள் நிறுத்தினாலும் முகம் சிவந்து எரியும், உடனே மறுபடி எடுத்துப் போட்டால் அடங்கும். அடங்குவதால் அதுதான் மருந்து என்று தோன்றும். அவளுக்குக் கன்னத்தில் சின்னச் சின்னச் சிவப்பு ரத்தக் குழாய் தெரிய ஆரம்பித்தது, தாடையில் பூனை முடி அடர்ந்து வளர்ந்தது, கூடவே பரு. கடைசியில் பழைய மங்கைவிடக் கருப்பாகிவிட்டது. இந்தக் கிளினிக்கில் அவளை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திடீரென்று நிறுத்தினால் எப்படி எரியும், எத்தனை நாள் தாங்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, எரிச்சலுக்கு மருந்து கொடுத்து, கூடவே நின்று வெளியே கொண்டுவந்தார்கள். அவள் அழுதுகொண்டே போன் செய்த இரண்டு தடவையும் டாக்டரம்மாவே பேசினார். நான் இவ்வளவு எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

லேபிள் இல்லாமல், எந்த ஊரில் தயாரித்தது என்றே தெரியாமல் வரும் வெளுப்புக் கிரீம் அதைவிட ஆபத்து, சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. 2023-ல் கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரகம் பாதித்து வந்த நோயாளிகளை விசாரித்தபோது, அவர்கள் போட்ட வெளுப்புக் கிரீமில் பாதரசம் அதிகமாக இருந்ததை அங்குள்ள மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். முகத்தில் போட்டது சிறுநீரகத்துக்குப் போகிறது. வெளிநாட்டிலிருந்து வந்தது, பார்லரில் மட்டும்தான் கிடைக்கும் என்று யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

மாமியார் கதை இதற்கு நேர் எதிர். கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் கடுகு அளவில் கருப்பாக மேலெழும்பிய பொட்டுகள், வருடா வருடம் கூடிக்கொண்டே வந்தன. ஊரில் அதை மரு என்றுதான் சொல்வார்கள், சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து வைத்தால் விழுந்துவிடும் என்று வைத்துப் பார்த்து ஓர் இடம் புண்ணாகித் தழும்பாகவே நின்றுவிட்டது. "அம்மா, இது மருவுங்களா, ஒட்டுமுங்களா?" என்று அத்தை கேட்டதற்கு, "மரு கிருமியால வர்றதுங்கம்மா, இது அது இல்லை. உங்க அம்மாவுக்கும் இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க" என்றார். இருந்ததாம். மாநிறம், கருப்பு நிறத் தோலில் குடும்ப வாகாக வரும் கெடுதலில்லாத வளர்ச்சி அது, யாருக்கும் ஒட்டாது, புற்றாகவும் மாறாது. வேண்டுமென்றால் கரண்ட் வைத்து எடுக்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம், உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். அத்தை விட்டுவிட்டார். அன்றைக்கு எழுதிக் கொடுக்க மருந்தே இல்லை. பத்தாயிரம் ரூபாய்க்கு லேசர் பேக்கேஜ் பேசியிருக்கக்கூடிய இடம், அப்படிப் பேசவில்லை.

ஆனால் மச்சம் விஷயத்தில் மட்டும் அவர் குரல் மாறியது. இருந்த மச்சம் திடீரென்று பெரிதானால், ஓரம் கோணலானால், ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம் தெரிந்தால், ரத்தம் கசிந்தால், அன்றைக்கே காட்ட வேண்டும். நம் மாதிரி தோலில் மச்சம் போலத் தெரியும் தோல் புற்று வெயில் படும் முகத்தைவிட உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்தான் அதிகம் பார்க்கப்படுகிறது, அதனால் செருப்பைக் கழற்றச் சொல்லி அத்தையின் பாதத்தையும் பார்த்தார்.

நாத்தனார் மகனுக்குக் கன்னத்தில் மங்கலான வெள்ளைத் திட்டு. வயிற்றில் பூச்சி, அதனால்தான் இப்படி என்று ஊரில் சொல்லாதவர் இல்லை. பள்ளியில் கொடுத்த குடற்புழு மாத்திரையும் போட்டாகிவிட்டது, திட்டு போகவில்லை. இங்கேதான் நான் இதற்கு முன் எங்கும் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். பையனைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சை நூல் மாதிரி திரித்து அதன் நுனியால் திட்டு மேலும் பக்கத்துத் தோலிலும் மாற்றி மாற்றித் தொட்டு, "எங்க தொட்டேன், விரல் வெச்சுக் காட்டு தம்பி" என்றார். அவன் எல்லா இடத்தையும் சரியாகக் காட்டினான், கூச்சத்தில் சிரித்துக்கொண்டே. தொட்டது தெரியாத வெளிர் திட்டாக இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும், அதற்காகத்தான் அந்தச் சோதனை. தொழுநோய்க்கு அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாத்திரை முழுக்க இலவசம், வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும், சீக்கிரம் பிடித்தால் கைகாலில் ஊனம் வராது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தேமல் என்று நினைத்துப் பொடியைப் பூசிக்கொண்டிருப்பவர்கள் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள்.

பையனுக்கு அது இல்லை. தோல் வறண்டு வரும் திட்டு, பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருவது, பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சுற்றியுள்ள தோல் வெயிலில் கருக்கும்போது திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவி, சோப்பைக் குறைத்தால் போதும், மாதங்கள் ஆகும், தானாக மறையும் என்றார். மறைந்துகொண்டிருக்கிறது.

தேமல் வேறு. என் வீட்டுக்காரருக்கு முதுகிலும் மார்பிலும் இருந்தது. நகத்தால் லேசாகச் சுரண்டினால் பொடிப் பொடியாகச் செதில் வரும், அதுதான் அடையாளம். எல்லோர் தோலிலும் ஏற்கெனவே குடியிருக்கும் மலசேசியா என்ற பூஞ்சை, வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கூடும்போது பெருகி நிறத்தை மாற்றுகிறது. குளிக்காததால் வருவதில்லை, துண்டு மாற்றிக்கொண்டதால் ஒட்டுவதும் இல்லை. கீட்டோகோனசோல் கலந்த ஷாம்பூவை உடம்பில் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் குளிக்கச் சொன்னார். பூஞ்சை போன பிறகும் வெளுத்த இடம் பழைய நிறத்துக்கு வர வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் ஆகும், அதற்குள் மருந்து கேட்கவில்லை என்று டாக்டரை மாற்றிவிடாதீர்கள் என்று சிரித்தபடி சொன்னார். கோடையில் திரும்ப வரும், வந்தால் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

பால் வெள்ளையாக, ஓரம் தெளிவாக இருக்கும் வெண்புள்ளி இன்னொரு ரகம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் மெலனோசைட் செல்களைத் தாக்குவதால் வருவது, ஊதா விளக்கில் பளிச்சென்று ஒளிரும். குஷ்டத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தொட்டால் ஒட்டாது, கூட உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது. மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்பதும் கிடையாது. நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடம் மட்டும் வெளுத்தால், பொட்டின் பசையில் இருக்கும் ரசாயனம் காரணமாக இருக்கலாம், உடனே நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். இதற்கு மாறாக, தலைக்கு டை அடிப்பவர்களுக்கு நெற்றி ஓரம், காது முன்பக்கம் கருநீலமாகக் கருத்துக்கொண்டே வந்தால் டையில் இருக்கும் பிபிடி என்ற பொருள் மேல் சந்தேகம் வர வேண்டும். என் மாமனாருக்கு அப்படித்தான் இருக்கிறது, அவர் இன்னும் டையை விடவில்லை.

இனி சித்தி பொண்ணு. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கருப்பு. "அழுக்கு தேயும்மா, தேயும்மா" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, நைலான் நாரை வைத்துத் தேய்த்து, எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து, பள்ளியில் கழுத்தை மறைக்கத் துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொள்ளும் பழக்கமே அவளுக்கு வந்துவிட்டது. டாக்டரம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், தோல் தடித்து வெல்வெட் துணி மாதிரி இருந்தது. "இது அழுக்கு இல்லை. இந்தப் பாப்பாவை இனிமே யாரும் தேய்க்கச் சொல்லக் கூடாது" என்று சித்தியைப் பார்த்துத்தான் சொன்னார். பெயர் அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், கணையம் அதை அதிகமாகச் சுரக்கும்போது, அந்த இன்சுலின் தோல் செல்களைத் தூண்டித் தடிக்க வைக்கிறது. எடை கூடியிருப்பவர்களுக்கும், வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், சினைப்பை நீர்க்கட்டி பிரச்சினை உள்ள பெண்களுக்கும் வரும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், அந்தப் பெண் வாயைத் திறந்து பேசியதே அப்போதுதான். எழுதிக் கொடுத்தது கிரீம் இல்லை, வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும். முடிவு சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று வந்தது. பதினாறு வயதில். சித்தப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் சித்திக்கு அன்று கை நடுங்கிவிட்டது, ஆனால் இப்போதே தெரிந்தது எவ்வளவு நல்லது என்று யோசியுங்கள். சாப்பாட்டை மாற்றி, தினமும் நடக்க வைத்து எடை குறைய ஆரம்பித்த பிறகு கழுத்துக் கருப்பும் லேசாகியிருக்கிறது. ஃபேர்னஸ் கிரீம் பூசி மறைத்திருந்தால் உள்ளே இருப்பது வெளியே தெரிந்தே இருக்காது. கழுத்துக் கருத்த பிள்ளைகளை அழுக்கு என்று பேசும் எல்லா வீட்டுக்கும் இதைத்தான் சொல்ல ஆசைப்படுகிறேன்.

எலுமிச்சை பற்றியும் கேட்டேன். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகி அந்த இடம் இன்னும் கருத்துவிடும், முகத்தில் வைக்கவே கூடாது. நைலான் நார் போட்டு வருடக் கணக்கில் முதுகையும் கையையும் தேய்ப்பவர்களுக்கு அலை அலையாகக் கருப்பு விழும், உராய்வே அதற்குக் காரணம், மேலும் தேய்த்தால் மேலும் கருக்கும்.

நம் மாவட்டத்துக்கே உரிய விஷயம் ஒன்று. டாக்டரம்மா எல்லோரிடமும் என்ன வேலை என்று கேட்கிறார், அதற்குக் காரணம் உண்டு. மாம்பழ சீசனில் காய் பறிப்பவர்களும் மண்டியில் காய் பிரிப்பவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். காம்பை உடைக்கும்போது பீறிட்டு வரும் பால் தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளம், சேங்கொட்டை பட்டால் வருமே அதே குடும்பத்து ஒவ்வாமை, மா, முந்திரி, சேங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். கொப்புளம் ஆறிவிடும், ஆனால் அந்த இடத்தில் பழுப்புக் கறை மாதங்கள் நிற்கும். நம் தோலில் பரு, கொசுக்கடி, தீக்காயம், எது வந்து ஆறினாலும் கருப்பு விட்டுப் போவது இப்படித்தான், கிள்ளினால், பிதுக்கினால் இன்னும் ஆழமாக நிற்கும். பால் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பறிக்க வேண்டும். சாமந்தித் தோட்டத்தில் வேலை செய்பவர்கள், பார்த்தீனியம் மண்டிய வரப்பில் களை எடுப்பவர்களுக்கு முகம், இமை, கழுத்து, முழங்கை மடிப்பு தடித்து அரித்துக் கருக்கும், பார்த்தீனியமும் சாமந்தியும் ஒரே குடும்பம் என்பதால் ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்றும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வெயில் மங்கு என்று நினைத்துக் கிரீம் பூசினால் எப்படிக் குறையும்? தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பதால்தான் நமக்கெல்லாம் முகத்தில் திட்டு வருகிறது என்று தருமபுரி பக்கத்து உறவினர்கள் சொல்வார்கள், அதையும் கேட்டுவிட்டேன். ஃப்ளோரைடு பல்லிலும் எலும்பிலும்தான் வேலையைக் காட்டும், முகத் திட்டுக்கு அதைக் குற்றம் சொல்ல வேண்டாம் என்றார்.

குறைகளும் இருக்கின்றன, சொல்லத்தான் வேண்டும். டோக்கன் போனில் கிடையாது, காலையில் ஆள் வந்து பெயர் எழுத வேண்டும். ஊத்தங்கரை, போச்சம்பள்ளியிலிருந்து வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? மாலை ஐந்து மணி டோக்கனுக்கு ஏழு மணி ஆகிறது. படி செங்குத்து, லிஃப்ட் இல்லை, அத்தை மாதிரி முட்டிவலிக்காரர்களுக்கு ரொம்பச் சிரமம். உட்கார நாற்காலி போதவில்லை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே கழிப்பறை, அதுவும் சுத்தமாக இல்லை. எழுதும் மருந்தில் பாதி கீழே இருக்கும் அவர்கள் மருந்துக்கடையில் மட்டுமே கிடைக்கிறது. டாக்டர் ஃபீஸ் 400, அது நியாயம், ஆனால் சன்ஸ்கிரீன் ஒரு ட்யூப் 700 ரூபாயைத் தொடுகிறது, சொன்ன அளவில் போட்டால் மாதத்துக்கு ஒன்று காலி. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்ணால் இது முடியுமா? இதைக் கேட்டபோது விலை குறைந்த இன்னொன்றை எழுதிக் கொடுத்தார், கூடவே அகல விளிம்புத் தொப்பி அல்லது குடை, அடர்த்தியான பருத்தித் துணி, பதினொன்றிலிருந்து மூன்று வரை வெயில் தவிர்ப்பது என்று செலவில்லாத வழியும் சொன்னார். கேட்காமலே சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று பெரிய குறை. வரவேற்பில் இருக்கும் பெண் உட்கார்ந்த உடனே "பீல் பேக்கேஜ்" (ரசாயனம் பூசித் தோலின் மேல் அடுக்கை உரிப்பது) அட்டையை நீட்டுகிறாள், இன்றைக்குப் பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறாள். டாக்டரோ உள்ளே மங்குக்கு அவசரப்பட்டு பீலோ லேசரோ செய்தால் நம் நிறத் தோலில் திரும்பக் கருத்துவிடும் என்று சொல்கிறார். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. டாக்டரிடம் நேராகவே சொன்னேன், அட்டையை எடுத்துவிடச் சொல்வதாகச் சொன்னார், போன முறை போனபோதும் அட்டை மேஜையில்தான் இருந்தது. உள்ளே போய் டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை யாரும் வெளியே பணம் கட்டாதீர்கள்.

ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் பார்க்கும் விதத்துக்கு முழுசாக ஐந்து, மற்ற ஏற்பாடுகளுக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. செலவு முடியாதவர்கள் தயங்க வேண்டாம், தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தோல் பிரிவில் காட்டலாம். எங்கே போனாலும் முகத்தில் எதுவும் பூசாமல் போங்கள். இதுவரை போட்ட ட்யூப், எண்ணெய், லேகியம், மாத்திரை அட்டை எல்லாவற்றையும், காலியானதாக இருந்தாலும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். திட்டு எப்போது ஆரம்பித்தது என்று தெரியாவிட்டால் பழைய கல்யாண போட்டோ ஒன்றை போனில் வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் டாக்டரம்மா இரண்டாவதாகக் கேட்டதே அதுதான்.